வியாழன் பின்னேரம் மூன்றரை முதல் ஆறு வரை

போன கிழமை அனிதா வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் இருந்து வேலை பார்ப்பவள் அவள்தான். புதிதாக வந்த எங்கள் ஆட்களுக்கும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடியேற்றக் காகிதங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகம் ஆகியவற்றுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்து, விளங்கப்படுத்தி, தேவைப்பட்டால் சண்டையும் பிடிப்பது எங்கள் தொழில். வந்தவள் ஒரு டாப்லெட்டை என் முன்னால் வைத்துப் பொரிந்து தள்ளினாள்.

"அன்ரி, இதிலை இருக்கிற படிவத்திலை ஒரு பெட்டியை வெறுமையா விட்டா அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. ஒரு அம்மா, அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை எண்டு சொல்லுறா. நான் என்னத்தைப் போட்டு நிரப்புறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம்.

"சிரிக்காதேங்கோ. உங்கடை காலத்திலை என்ன செய்தனீங்கள்?"

"எங்கடை காலத்திலை பெட்டி இல்லை, பிள்ளை. கொப்பி இருந்தது. ஒரு தரம் அதிலையிருந்து ஒரு பக்கமே காணாமல் போனது."

"அதை எழுதுங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். பகிடிக்குச் சொன்னாளோ என்னவோ, எழுதச் சொன்னால் நான் விடுகிற ஆளா?

மன்னாரில் இருந்து பலேர்மோவுக்கு நான் வந்து சேர்ந்த கதை நீளமானது. எல்லோருடைய கதையும் போன்றதுதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மூன்று வருடம் வீடுகள் கூட்டினேன், சட்டைகளுக்கு அயர்ன் போட்டேன், இத்தாலிய மொழியைக் குசினியில் நின்றபடியே பழகினேன். அதனால் எனக்கு முதலில் தெரிந்த சொற்கள் எல்லாம் கட்டளைகள். 'கொண்டு வா', 'துடை', 'மெதுவாக' என்பவற்றை நன்றாகச் சொல்லுவேன். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க ஒரு வருடம் பிடித்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் தமிழ்ச் சுவாமி என்னை மறித்தார்.

"பிலோமினா, ஒரு தொத்தொரெஸ்ஸாவுக்கு எழுதத் தெரிஞ்ச தமிழ்ப் பிள்ளை ஒண்டு வேணுமாம். போய்ப் பாரும்."

பட்டம் பெற்ற எந்தப் பெண்ணையும் இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. டொக்டரம்மா என்று நினைத்து, என் முழங்கால் வலியையும் சொல்லிவிட வேண்டும் என்ற யோசனையோடு போனேன்.

அவருடைய அறை கால்சா என்ற பழைய பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் இருந்தது. மாளிகையின் பாதியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த காகிதங்களின் மேல் எல்லாம் சுண்ணாம்புத் தூள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆம்பிளைச் சப்பாத்து, கையில் எள்ளுப் போட்ட பாண் துண்டு. அந்தப் பாண் துண்டு இல்லாமல் அவரை நான் கண்டதே இல்லை. பேசும்போதும் மெல்லுவார், யோசிக்கும்போதும் மெல்லுவார். என் முழங்காலைப் பற்றிச் சொன்னதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வேலையில் அது இன்னும் மோசமாகும்" என்றார்.

அவர் இரண்டு வருடம் வியட்நாமில், ஹனோய் நகரத்தில் இருந்தவர். தெருவோரம் நூடில்ஸ் சூப் விற்கிற பெண், தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு மரக்கறி கொண்டுவருகிற பெண், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற பெண், இப்படிப் பலருக்குப் பின்னால் காலையில் இருந்து பின்னேரம் வரை திரிந்து, அவர்கள் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதி வந்தவர். அதையே தன் சொந்த நகரத்திலும் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களை அதற்குத் தெரிந்தெடுத்திருந்தார்.

"நான் வந்து கேட்டால் உங்கள் பெண்கள் தங்கள் எசமானியான சிஞோராவுக்குச் சொல்கிற பதிலைத்தான் எனக்கும் சொல்லுவார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். அதனால் நீங்கள் போங்கள். கேட்க வேண்டாம், பார்த்து எழுதுங்கள்" என்றார்.

பிறகு மூலையில் இருந்து ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துத் தந்தார். ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும். ஹனோயில் தெருச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லோரும் இதில்தான் குந்தியிருப்பார்களாம். "கதிரையில் இருந்தால் உங்களைச் சிஞோரா என்று நினைப்பார்கள். நின்றுகொண்டிருந்தால் பொலிஸ் என்று நினைப்பார்கள். இதில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள்." என் முழங்காலின் கதி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு ஒரு கிழமை, ஒரு கொப்பி. கால் மணித்தியாலத்துக்கு ஒரு வரி. முதல் நிரலில் நேரம், இரண்டாவதில் கை என்ன செய்கிறது, மூன்றாவதில் வாய் என்ன சொல்கிறது. மனம் என்ன நினைக்கிறது என்பதற்கு நிரல் கிடையாது. 'களைத்துப்போனாள்' என்று எழுதக்கூடாது. 'சுவரில் கையை ஊன்றி நின்றாள்' என்று எழுதலாம். உதவி செய்யக்கூடாது. வீட்டுக்காரரிடம் தொத்தொரெஸ்ஸாவே முதலில் போய்ப் பேசி அனுமதி வாங்குவார், ஆனால் கொப்பியை அவர்களுக்குக் காட்டக்கூடாது. கடைசியாக ஒன்று. நாள் முடிந்ததும் எழுதியதை எல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்குப் பிடிக்காததை அவள் வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். முதல் கிழமையிலேயே நாறிப்போனேன்.

முதல் ஆள் லூர்து அக்கா. பகேரியாவில் ஒரு பழைய பெரிய வீட்டைத் துப்புரவு செய்பவர். காலையில் இருவரும் ரயில் ஏறிப் போனோம். வீட்டுக்குள் போய் முக்காலியை வைத்து இருந்ததும் அக்கா பதறிவிட்டார்.

"ஐயோ, என்ன பிள்ளை நிலத்திலை குந்துறீர்? கதிரையிலை இரும். முதல்லை ஒரு தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணி வந்தது. பிறகு அவர் இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றைத் தனியாக மடிக்கத் தொடங்கினார். ஒரு நுனியை நாடியால் அமர்த்திக்கொண்டு, மற்ற நுனியைக் கையால் எட்டிப் பிடித்து அவர் படுகிற பாட்டை ஒரு தமிழ்ப் பெண் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாளா? எழும்பிப் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். அதன் பிறகு யன்னல் கண்ணாடி. பிறகு போஞ்சி துப்புரவாக்கல். பன்னிரண்டு மணிக்கு வீடு பளபளத்தது. மிச்ச நேரம் இருவரும் இருந்து ஊர்க்கதை கதைத்தோம். பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனால் எனக்காக வடை சுட்டார், புருஷனைச் சோடா வாங்க அனுப்பினார். நான் எல்லாவற்றையும் நேர்மையாக எழுதினேன்.

தொத்தொரெஸ்ஸா ஏசமாட்டார். பிழை கண்டால், நாம் எழுதியதை எடுத்து ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் நமக்கே வாசித்துக் காட்டுவார். அதைவிட ஏச்சு வாங்குவது மேல்.

"ஒன்பது பதினைந்து, பிலோமினாவுக்குத் தேநீர் போட்டாள். பத்து முப்பது, பிலோமினாவுக்கு முட்டை பொரித்தாள். ஐந்து மணி, பிலோமினாவுக்கு வடைக்கு மாவு அரைத்தாள். ஆறு மணி, பிலோமினாவை இன்னும் இரண்டு வடை சாப்பிடச் சொன்னாள்." கொப்பியை மூடினார். "இந்த அதிசயப் பெண் பகேரியாவில் பதினொரு அறை வீட்டை மூன்று மணித்தியாலத்தில் முடிக்கிறாள். இதை நான் அச்சில் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? நகரத்தில் இருக்கிற எல்லாச் சிஞோராக்களும் நாளைக்கு மூன்று மணித்தியாலத்தில் முடிக்கச் சொல்லுவார்கள்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. உதவி என்று நினைத்து அந்த அக்காவின் தலையில்தான் கல்லைப் போடப் பார்த்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஹனோயில் சூப் விற்ற பெண் முதல் நாள் தனக்கு ஆறு கோப்பை சூப் தந்ததையும், வேண்டாம் என்றால் அவள் கடைக்கு அவமானம் என்று ஆறையும் குடித்துவிட்டு வயிற்றோட்டத்தில் கிடந்ததையும் சொன்னார். அன்று கொப்பியில் நாலாவது நிரல் ஒன்று போட்டோம். அதன் தலைப்பு, 'பார்க்க வந்தவளுக்காக'. ஹனோயில் அந்த உபசாரம் இரண்டாம் நாளோடு ஓய்ந்துவிடுமாம். எங்கள் பெண்களின் கொப்பிகளில் அந்த நிரல் கடைசி நாள் வரை நிரம்பி வழிந்தது.

மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன். வலது கையில் பேனை, இடது கையில் கொப்பி, இரண்டு கையும் நிரம்பி இருந்தால் விரிப்பைப் பிடிக்கப் போகாது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு நகரம் முழுவதும் திரிந்தேன். பல்லரோச் சந்தையில் மீன்காரனோடு தமிழிலேயே பேரம் பேசி வெல்லுகிற ஒருத்தியைப் பார்த்தேன். அவனும் சிசிலியனிலேயே திருப்பிக் கத்துவான், இருவருக்கும் எல்லாம் விளங்கும். மொரிஷியஸில் இருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண், சிஞோராவின் நாய்க்கு அப்பளம் பழக்கியிருந்தாள். அயர்ன் போடும்போது மட்டும் பாடுகிறவள், படிக்கட்டுத் துடைக்கும்போது மட்டும் செபம் சொல்லுகிறவள், பஸ்ஸில் நின்றபடியே நித்திரை கொண்டு சரியான தரிப்பில் கண் விழிக்கிறவள். என்னுடைய மூன்று வருடத்தில் நானும் இதையெல்லாம் செய்தவள்தான். முக்காலியில் இருந்து பார்க்கும்போதுதான் இவ்வளவும் செய்திருக்கிறேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இனி ஜெசிந்தா.

ஜெசிந்தா என் ஊர்க்காரி, முப்பது வயது இருக்கும். வியா லிபர்த்தா என்ற பெரிய தெருவுக்குப் பக்கத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு முதிய சிஞோராவோடு தங்கி வேலை செய்தாள். கணவன் ஜெர்மனியில் எங்கோ இருந்தான், கடிதம் நின்று இரண்டு வருடம். ஏழு வயதில் நிரோஷி என்று ஒரு மகள். வேலை செய்யும் வீட்டில் பிள்ளையை வைத்திருக்க முடியாது என்பதால் கன்னியர் மடத்தில் விட்டிருந்தாள். அப்படி விடுவது அந்தக் காலத்தில் எங்களுக்குள் சாதாரணம். மடத்தில் பிள்ளைகளைப் பார்க்கவும் வெளியே கூட்டிப் போகவும் ஞாயிறு பகலும் வியாழன் பின்னேரமும் விடுவார்கள். ஞாயிறு பகல் சிஞோராவின் குடும்பம் முழுவதும் சாப்பிட வரும், ஜெசிந்தா பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மடத்தின் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே அவளுக்கு இருந்தது வியாழன் ஒன்றுதான். தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் விடுப்பு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

நாலு மாதத்துக்கு முன் சிஞோரா விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தார். அன்றில் இருந்து அவருடைய மகன், ஒரு வழக்கறிஞர், வியாழனை நிறுத்திவிட்டார். அவர் தினமும் நாலு மணிக்குக் கோப்பி குடிக்கப் போகிற வழியில் பத்து நிமிடம் எட்டிப் பார்ப்பார். அந்த நேரம் ஜெசிந்தா குசினிக் கதிரையில் இருப்பாள். திங்கட்கிழமை என்னிடமும் சுட்டிக் காட்டினார்.

"பாருங்கள், இருக்கிறாள். இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை இருக்கிறாள். என் அம்மாவோடு இருப்பது ஒரு வேலையா? இதுவே ஓய்வுதானே, வியாழக்கிழமை வேறு எதற்கு?"

மூன்றாவது நிரலில் அதை எழுதினேன். பேனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, அவ்வளவு கோபம்.

ஏனென்றால் இரண்டு மணியில் இருந்து நான் எழுதியிருந்தது வேறு. சிஞோராவிடம் ஒரு சின்னப் பித்தளை மணி இருந்தது. இரண்டு மணி, மணி அடித்தது, வெயில் என்று யன்னலைச் சாத்தினாள். இரண்டு ஐந்து, மணி அடித்தது, புழுக்கம் என்று யன்னலைத் திறந்தாள். இரண்டு பத்து, மூக்குக் கண்ணாடி தேடினாள், அது சிஞோராவின் நெற்றியில் இருந்தது. இரண்டு இருபது, தலையணை. இரண்டு இருபத்தைந்து, தலையணை பழையபடி. கால் மணிக்கு ஒரு வரி என்ற கணக்கு அங்கே சரிவரவில்லை, வரிகளைப் பிளந்து பிளந்து எழுதினேன். நடுவில் அவள் கதிரையில் இருந்தது உண்மைதான். ஆனால் சப்பாத்தோடு இருந்தாள், இரண்டு குதியும் நிலத்தில் படவே இல்லை.

அன்று பின்னேரம் கீரை ஆய்ந்துகொண்டு சொன்னாள்.

"மடத்துச் சிஸ்டர் ரெலிபோனிலை சொன்னவ, அக்கா. முதல் ரெண்டு மூண்டு வியாழனும் பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு கேற்றைப் பாத்தபடி வாங்கிலை இருந்ததாம். இப்ப கோட்டுப் போடுறதில்லையாம்."

நான் கொப்பியைக் குனிந்து பார்த்தேன். 'கீரை ஆய்ந்தாள்' என்று எழுதினேன். வாய் என்ன சொன்னது என்ற நிரலில் அந்த மூன்று வசனத்தையும் எழுதியபோது எழுத்துக் கலங்கியது.

தெருமுனைத் தொலைபேசியில் இருந்து தொத்தொரெஸ்ஸாவைக் கூப்பிட்டேன். "இந்தக் கொப்பியை அந்த ஆளின் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடிக்கப் போகிறேன்" என்றேன். மறுமுனையில் மெல்லுகிற சத்தம்.

"பிலோமினா, நீங்கள் கோபத்தில் காட்டுவீர்கள், வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அந்த வீட்டில் நாளைக்குக் காலையில் எழும்பப் போவது யார்? வேலை போனால் அவளுக்குப் படுக்கை போகும். இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஒப்பந்தம் இருக்காது. கொப்பி உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை."

நான் தொலைபேசியைப் படாரென்று வைத்தேன். இரக்கம் இல்லாத மனுஷி என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை வாய்க்குள் ஏசினேன்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. இருபத்தேழு தரம் மணி அடித்தது. சிஞோரா இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துக்கொள்வார். அது முடிந்த பிறகு குசினியில் நின்று ஜெசிந்தாவுக்குக் கொப்பியை வாசித்துக் காட்டினேன். 'மணி அடித்தது, போனாள். மணி அடித்தது, போனாள்.' பக்கத்து அறையில் இருந்து திடீரென்று சிஞோரா உரத்த குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றார். நாங்கள் மன்றாட்டுமாலை சொல்கிறோம் என்று நினைத்து, ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் சொல்லும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த கணம் மணி அடித்தது.

"எந்தப் புனிதருக்கு இந்த மன்றாட்டு? எதற்குச் சிரிப்பு?"

உண்மையைச் சொன்னேன். "செபம் இல்லை, சிஞோரா. இன்றைக்கு ஜெசிந்தா செய்த வேலை."

"இத்தாலிய மொழியில் வாசி."

காட்டக்கூடாது என்பது விதி. நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். "கொப்பி உன்ரை. நீ ஓம் எண்டால்தான் வாசிப்பன். வேலை போனாலும் போம், யோசிச்சுச் சொல்லு" என்றேன். அவள் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"வாசியுங்கோ அக்கா. போனாப் பாப்பம். என்ரை பிள்ளை கோட்டுப் போடாமல் இருக்கிறாள்."

வாசித்தேன். இருபத்தேழு தரமும் வாசித்தேன். மகன் சொன்னதையும் விடவில்லை. கீரை ஆயும்போது ஜெசிந்தா சொன்னதை வாசிக்கவா என்று கண்ணால் கேட்டேன், அவள் தலையாட்டினாள், அதையும் வாசித்தேன். சிஞோராவின் முகம் சிவந்தது.

"பொய். நான் அத்தனை தரம் கூப்பிடவில்லை. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுடைய கொப்பி திருத்தியவள் நான், எனக்கு நீ கொப்பி வாசிக்கிறாயா? நாளைக்கு நானும் எழுதுகிறேன், பார்க்கலாம்."

ஜெசிந்தாவின் வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். குசினிக்குள் வந்ததும் அவள் கீரைத் தண்டுகளைக் குப்பையில் போட்டாள், பிறகு குப்பையில் இருந்து எடுத்துச் சூப்புக்கு வைத்தாள்.

புதன்கிழமை இரண்டு மணிக்குச் சிஞோராவின் மடியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் சிவப்புப் பென்சிலும் இருந்தன. மணியைத் தூர மேசையில் வைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார். கூப்பிடாமலே இருந்து காட்டி என் கொப்பியைப் பொய்யாக்குவதுதான் திட்டம். இரண்டு பத்து ஆனது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு எழுத எதுவும் இல்லை. ஜெசிந்தா கதிரையில் நெளிந்தாள், எழும்பினாள், மெல்லப் போய்க் கதவிடுக்கால் பார்த்தாள்.

"நான் கூப்பிடவில்லை!" என்று உள்ளே இருந்து ஒரு கூச்சல். சிவப்புப் பென்சில் ஒரு கோடு போட்டது.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் போனாள், மூச்சு வருகிறதா என்று பார்க்க. "நான் கூப்பிடவில்லை!" இன்னொரு கோடு. பிறகு வெயில் சிஞோராவின் முகத்தில் படுகிறதே என்று போனாள். பிறகு கால் குளிருமே என்று போனாள். நானும் எழுதினேன், சிஞோராவும் கோடு போட்டார். நாலு மணிக்கு இருவருடைய கொப்பியிலும் பதினாலு.

"ஏனடி இப்பிடி ஓடுறாய், அவவே கூப்பிடாமல் இருக்கேக்குள்ளை?" என்று கேட்டேன்.

"பயம்தான் அக்கா. அவவுக்கு ஒண்டு நடந்தா எனக்கு வீடும் இல்லை." கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவமும்தான்" என்றாள்.

மகன் வழமை போல் வந்தார். சிஞோரா அவருக்குக் கதிரையைக் காட்டினார்.

"நாளைக்கு வியாழன். இரண்டு மணிக்கு வா, ஏழு மணிக்குப் போகலாம்."

"அம்மா, எனக்கு நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள்..."

"இருப்பது வேலை இல்லை என்று சொன்னாயே. அந்த வேலை இல்லாத வேலையை நாளைக்கு நீ செய். கொப்பியும் பென்சிலும் நானே தருகிறேன்." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "கூப்பிட்டாலும் வருகிறாய், கூப்பிடாவிட்டாலும் வருகிறாய். வியாழக்கிழமையாவது உன் பிள்ளையிடம் போய்த் தொலை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் எனக்கு அந்தக் கிழவியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு கையும் நிரம்பி இருந்ததால் தப்பினார்.

வியாழன் மகன் பத்திரிகையோடு வந்து இருந்தார். நாங்கள் படிக்கட்டில் இறங்கும்போதே மேலே மணி அடித்தது, கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி இறங்குவதற்குள் இன்னொரு தரம். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

எங்கள் விதிப்படி ஓய்வு நேரத்தையும் எழுத வேண்டும். அதனால் நானும் முக்காலியோடு பஸ் ஏறினேன். மூன்றரைக்கு மடத்தின் கம்பிக் கேற்றடியில் அவள் நின்றாள், நான் முக்காலியில் குந்தினேன். மார்கழிக் குளிர், கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. சிஸ்டர் ஒருவர் நிரோஷியைக் கூட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். பிள்ளை பள்ளிக்கூட மேற்சட்டையோடு நின்றது, கோட்டு இல்லை. தாயைப் பார்த்தது. ஓடி வரவில்லை. சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே போய்விட்டது.

'கம்பியைப் பிடித்தாள்' என்று எழுதினேன். அடுத்த வரியிலும் அதையேதான் எழுதினேன். அந்த வேலையில் முக்காலியை விட்டு எழும்பி ஒருத்தியின் தோளைப் பிடிக்க முடியாமல் இருந்தது எனக்கு அந்த ஒரு தரம்தான் நரகமாக இருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. நிரோஷி திரும்பி வந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாப் பொத்தானும் பூட்டி, கழுத்துப் பொத்தானும் பூட்டி இருந்தது.

ஆறு மணி வரை எழுதினேன். பிறகு மடத்துக்கு வெளியே பஸ் தரிப்பில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். கோட்டு வந்த வரியில் ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள்.

"இதோடை நிப்பாட்டுங்கோ அக்கா."

"மிச்சத்தை வெட்டட்டோ?"

"வெட்ட வேண்டாம். எனக்குத் தாங்கோ. அது உங்கடை ஆராய்ச்சி இல்லை, என்ரை பின்னேரம்."

ஏன் என்று கேட்கக்கூடாது. தாளைத் தையலோரமாக மெல்லக் கிழித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை தொத்தொரெஸ்ஸா கொப்பியைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"வியாழன், மூன்று நாற்பதில் இருந்து ஆறு வரை?"

"அவளிடம் இருக்கிறது."

வாசித்துக் காட்டி என்னைக் கொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பாண் துண்டை மேசையில் வைத்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். பச்சை மையில், அந்த இடத்தில், 'அவளிடம் இருக்கிறது' என்று எழுதினார்.

"ஹனோயில் என்னிடம் யாருமே ஒரு பக்கம் திருப்பிக் கேட்கவில்லை" என்றார். "கேட்கலாம் என்று அவர்களுக்கு நான் ஒழுங்காகச் சொல்லவில்லையோ என்னவோ."

மகன் பிறகும் சில வியாழன்களில் சாட்டுச் சொல்லிப் பார்த்தார். சிஞோரா விடவில்லை. நான் அந்த வேலையில் இருந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய், எத்தனையோ படிவம் நிரப்பி, எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டி ஓய்வும் பெற்றுவிட்டேன். நான் செய்த வேலைகளில் மிகச் சரியாகச் செய்தது எது என்று கேட்டால், அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்ததைத்தான் சொல்வேன்.

அனிதா, உன்னுடைய கருவியில் 'அவளிடம் இருக்கிறது' என்று எழுத இடம் உண்டா என்று பார். இல்லாவிட்டால் இடம் வைக்கச் சொல்லிச் சண்டை பிடி. எங்கள் ஆய்வில் எல்லாப் பெண்களுக்கும் கிழமையில் ஏழு நாள், ஒருத்திக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. அந்த மிச்சத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஜெசிந்தா பஸ் ஏறிப் போனாள்.